வலது கால் பூட்ஸ் திரும்பி வந்த வாரம்

மேனேஜர் சாப் என்னைப் பார்த்து "சாப்ட்டியா?" என்று கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ நடக்கப்போகிறது. இத்தனை வருட வேலையில் அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "முடிஞ்சுதா?" காலையில் கேட்பார், மதியம் கேட்பார், தீபாவளிக்கு முதல் நாள் ஸ்வீட் பாக்கெட்டைக் கையில் கொடுத்துக்கொண்டே கேட்பார். அப்படிப்பட்ட மனிதர் திடீரென்று என் வயிற்றைப் பற்றி விசாரித்தால் என்ன அர்த்தம்?

"சாப்ட்டேன் சாப்."

"நல்லா சாப்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நல்லா! அந்த 'நல்லா'வைச் சாயந்திரம் வரைக்கும் மென்றுகொண்டிருந்தேன். வெட்டப்போகிற கிடாவுக்குக் கூட இவ்வளவு பிரியமாக யாரும் தழை போடுவதில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் ஃபேக்டரி. நடுக்கடலில் இரும்புக் கால் ஊன்றி நிற்கிற எண்ணெய் மேடைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் மேல் வேலை செய்கிறவர்களுக்குப் பூட்ஸ் செய்கிறோம். விரல்களுக்கு மேல் இரும்புத் தொப்பி, எண்ணெயில் வழுக்காத அடி, கணுக்காலுக்கு மேல் வரை லேஸ். அந்த லேஸ் ஓடுகிற ஓட்டைகளை அடித்து, உலோக வளையம் பதித்து, லேஸ் கோத்து அனுப்புவது என் செக்‌ஷன். வளையத்துக்கு ஐலெட் என்று பெயர். ஐலெட் மிஷின்களிலும் லேஸ் மேசையிலும் பெண்கள். அவர்களுக்கு நான் சூப்பர்வைசர். எங்கள் பாலாற்றில் தண்ணீர் ஓடினால் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஊர்க்காரர்கள் நாங்கள். கடல்காரன் கால் எங்கள் கையில் இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

அந்தத் திமிரில் முதல் ஓட்டை போட்டவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. வெல்டர். வாலாஜா பக்கம் ஒரு பட்டறையில் கிரில் கேட் ஒட்டிக்கொண்டிருந்தவன், துபாய் போய், அங்கிருந்து ஒரு காண்ட்ராக்டர் வழியாகக் கடலுக்குப் போய்விட்டான். எந்த நாட்டுக் கடல் என்று கேட்டால் என் மாமியார் "ஃபாரின் கடல்" என்பார். மேனேஜர் விசாரித்ததற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவன் வீடியோ காலில் வந்தான். முகத்தில் கரி.

"மாமா, இங்க மேடையப் பிரிக்கிறாங்க."

"இன்னாடா, கல்யாணம் முடிஞ்சுதா?"

"தமாஷ் வாணாம் மாமா. எண்ணெய் மேடைய. எடுக்கற செலவுக்குக் கட்டுப்படி ஆவலயாம். கெணத்த எல்லாம் சிமெண்ட் ஊத்தி அடச்சிட்டாங்க. இப்ப மேல இருக்கறத துண்டு துண்டா அறுத்து கப்பல்ல ஏத்தறாங்க."

"ஆளுங்க?"

"கெணறு தோண்டறவங்க முதல்லயே போய்ட்டாங்க. பம்பு பாத்துக்கினு இருந்தவங்க, கிச்சன்காரங்க, பாதி பேரு போய்ட்டாங்க. எங்கள மாதிரி வெல்டருங்கள மட்டும் வெச்சிக்கினாங்க, அறுக்கறதுக்கு."

"நீ ஒட்டினத நீயே அறுக்கற."

"ஆமா மாமா. போன வருஷம் நான் வெச்ச வெல்டிங் பத்து ஒண்ணு. நல்லா புடிச்சிக்கினு இருந்துச்சி, வர மாட்டேன்னுச்சி. மனசுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி." பிறகு காலைத் தூக்கி கேமராவுக்குக் காட்டினான். "இத பாருங்க, தீப்பொறி விழுந்து பூட்ஸ் லேஸ் பொசுங்கிப்போச்சி. தினத்துக்கும் இதே பேஜார்."

லேஸைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. "லேஸ் கட்டத் தெரியாதவன் லேஸக் குத்தம் சொல்லுவான்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தம்பிக்கு வேலை போய்விடுமோ என்ற கவலையில் அவள் இருக்க, நான் லேஸுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

போனை வைத்த பிறகு, சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசையும்போதுதான் எனக்கு உறைத்தது. மேடை போனால் ஆள் போவான். ஆள் போனால் அவன் கால் போகும். கால் போனால் பூட்ஸ் எதற்கு? பூட்ஸ் இல்லாவிட்டால் ஐலெட் எதற்கு? ஐலெட் இல்லாவிட்டால் நான் எதற்கு? கை குழம்பிலேயே நின்றுவிட்டது.

"இன்னாங்க, உப்பு கம்மியா?"

"இல்ல. கடல் கம்மியாவுது."

அவள் ஒன்றும் புரியாமல் உப்பு டப்பாவை நகர்த்தி வைத்தாள்.

அப்படி ஒரு ஞாயிறு போய், திங்கட்கிழமை மேனேஜர் "நல்லா சாப்டு" என்றால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அதற்கப்புறம் ஃபேக்டரியில் எதைப் பார்த்தாலும் சந்தேகம். கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள்; விற்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பெயிண்ட்டைப் பாதியில் நிறுத்தினார்கள்; விற்றுவிட்டார்கள் என்று நினைத்தேன். ஓவர்டைம் இல்லை என்றார்கள். லேஸ் கொண்டுவருகிற வேன் வழக்கமான நாளில் வரவில்லை. அந்த வேன் டிரைவருக்குப் போன் போட்டால், பெண்ணுக்குக் காதுகுத்து என்றான். காதுகுத்தாம்! நான் நம்புவேனா? மண்டபத்திலிருந்து மேளச் சத்தம் கேட்கிறதா என்று போனைக் காதில் அழுத்திப் பார்த்தேன். கேட்டது. இருந்தாலும் முழுசாக நம்பவில்லை.

என் செக்‌ஷனில் மூத்தவர் ஒரு அக்கா. லேஸ் மேசையில் அவர் கைவேகத்துக்கு இன்னொருவர் கிடையாது. அவர்தான் கேட்டார்.

"இன்னா சார், ரெண்டு நாளா கேட்டயே பாத்துக்கினு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. பெயிண்ட் காயுதான்னு பாக்கறேன்."

"அது காஞ்சி நேத்தே நாய் படுத்துக்கிச்சி."

அவரிடம் சொல்லலாமா என்று நாக்கு துடித்தது. சொல்லவில்லை. மேசையைச் சுற்றிப் பார்த்தேன். கலவை என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிற காண்ட்ராக்ட் பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே லேஸ் கோத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த பூட்ஸ் வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஆர்டர் முடிவானால், மாதிரிக்கு ஒரு ஜோடி செய்வோம். வலது கால் வெளிநாட்டில் அதை வாங்குகிற பையரிடம் போகும். இடது கால் எங்கள் சாம்பிள் ரூமில் அட்டை கட்டி அலமாரியில் நிற்கும். அங்கே வலதைப் பார்த்து வாங்குவார்கள், இங்கே இடதைப் பார்த்துச் செய்வோம். ஆர்டர் முடிந்து, இனிமேல் வேண்டாம் என்றால் வலது கால் திரும்பி வரும். இரண்டையும் லேஸால் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவார்கள். ஆக, எங்கள் ஃபேக்டரியில் ஒற்றையாக இருக்கிற பூட்ஸ் உயிரோடு இருக்கிறது. ஜோடி சேர்ந்தது என்றால் கதை முடிந்தது.

சாம்பிள் ரூமுக்குப் பொறுப்பாளர் ஒரு பாய், என் தோஸ்த். முடிச்சுப் போடும்போதெல்லாம் "நிக்காஹ் முடிஞ்சுது" என்பார்.

"இன்னா பாய், சாவுக்குப் போய் நிக்காஹ்னு பேர் வெக்கிறீங்க?"

"எனக்குக் கல்யாணம் ஆயி எவ்ளோ வருஷம் ஆச்சு தோஸ்த்? தெரியாமலா சொல்றேன்?"

அன்றைக்கு அவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். டீ குடிக்கக் கூப்பிடலாம் என்று எட்டிப் பார்த்தேன். மேசையின் மேல் பார்சல் பிரித்திருந்தது. உள்ளே ஒரு வலது கால் பூட்ஸ். எங்கள் கடல் பூட்ஸ். என் ஐலெட். எங்கள் அக்கா கோத்த லேஸ், கோத்தபடியே.

அதன் மேல் வெள்ளிப் பேனாவால் பெருக்கல் குறிகள். ஒவ்வொரு ஐலெட்டின் மேலும் ஒன்று. எங்கள் செக்கிங்கில் வெள்ளிப் பேனாவால் பெருக்கல் போட்டால் அது கழிசல் என்று அர்த்தம்.

திரும்பி அலமாரியைப் பார்த்தேன். இடது கால் பூட்ஸ் அட்டை கட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், பெண் பார்க்க வருகிறார்கள் என்று யாரும் சொல்லாத பெண் மாதிரி நின்றுகொண்டிருந்தது. பாய் தொழுதுவிட்டு வருவார். முடிச்சுப் போடுவார். நிக்காஹ்.

புத்தியுள்ள மனிதன் என்ன செய்வான்? மேனேஜரிடம் போய்க் கேட்பான். நான் என்ன செய்தேன்? தலையில் நரை ஏறிய, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற, ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று எழுதியிருக்கிற நான், அந்த பூட்ஸை ஏப்ரனுக்குள் சொருகிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி கழிப்பறைக்குப் போகிறவன் மாதிரி நடந்து, என் செக்‌ஷனில் லேஸ் கொட்டி வைத்திருக்கிற அட்டைப் பெட்டிக்குள் புதைத்துவிட்டேன். ஜோடி சேராமல் இருக்கிறவரைக்கும் ஆர்டர் சாகாதே! அந்த நேரத்தில் இது எனக்கு உலகத்திலேயே நியாயமான யோசனையாகத் தெரிந்தது. எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் கடலுக்கு நடுவில் கிணற்றை மூடுகிறார்களா, மூடட்டும். ஆம்பூரில் ஒருவன் லேஸ் பெட்டியை மூடி அதைத் தடுத்துவிட்டான்.

பாய் வந்தார். பத்து நிமிஷத்தில் ஃபேக்டரி தலைகீழானது.

தோல் ஃபேக்டரியில் ஒரு பொருள் காணவில்லை என்றால் எல்லோரும் எல்லோரையும் பார்ப்பார்கள். செக்யூரிட்டி கேட்டை இழுத்து மூடினான். டிபன் பை எல்லாம் திறந்து காட்டச் சொன்னார்கள். கேண்டீன்காரர் மேல் சந்தேகம், பெயிண்ட்காரர் மேல் சந்தேகம். பேர்ணாம்பட்டில் எங்களுக்குப் போட்டியாக ஒரு ஃபேக்டரி இருக்கிறது, அவர்கள் ஆள் வைத்து எடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. அதைக் கிளப்பிவிட்டது நான்தான். தேடுவதிலும் நான்தான் முன்னால் நின்றேன். மிஷின் அடியில் குனிந்து பார்த்தேன், மாடி ஏறிப் பார்த்தேன், செக்யூரிட்டியின் டிபன் பையையே திறந்து மோந்து பார்த்தேன். அவன் புளிசாதம் கொண்டுவந்திருந்தான்.

அப்புறம் மேனேஜர் சாம்பிள் ரூம் வாசலில் நின்று பாயிடம் கத்துவது கேட்டது.

"இன்னா வேல பாக்கற நீ? ஒரு பூட்ஸ பாத்துக்கத் தெரியாதா? பையர் மாத்தம் எல்லாம் அதும் மேலயே எழுதி அனுப்பியிருக்கார்! அத வெச்சிதான் புது சாம்பிள் பண்ணணும். திங்கக்கெழம புது சாம்பிள் போவலன்னா ஆர்டர் வேற ஊருக்குப் போவும். இருக்கற ஒரே ஆர்டர் அதான், தெரியுதா?"

பாய் தலை குனிந்து நின்றார். தொப்பியை இன்னும் கழற்றவில்லை.

வேலையைக் காப்பாற்ற நான் ஒளித்துவைத்த பூட்ஸ்தான் வேலை. அதோடு, என் தோஸ்த்துக்கு வேறு வேலை போய்விடும் போலிருந்தது.

செக்‌ஷனுக்கு ஓடி அந்த அட்டைப் பெட்டிக்குள் கையை விட்டேன். லேஸ், லேஸ், லேஸ். நான் வைத்தபோது இவ்வளவு ஆழம் இல்லையே? பின்னாலிருந்து அக்கா மெல்லிய குரலில் சொன்னார்:

"இன்னும் கீழ சார். குதிகால் வெளிய தெரிஞ்சிக்கினு இருந்துச்சி. நான்தான் மேல நாலு கட்டு போட்டு மூடினேன்."

"அக்கா! உங்களுக்குத் தெரியுமா?"

"வலது காலு வந்தா இன்னான்னு எனக்குத் தெரியாதா? நீங்க ஏப்ரன்ல வெச்சிக்கினு வந்தீங்களே, புள்ளத்தாச்சி மாதிரி. மொத்த லைனும் பாத்துச்சி. பாவம், மனுஷன் நம்மளுக்காகத்தான் திருடறாருன்னு சும்மா இருந்தோம்."

எல்லாப் பெண்களும் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

பூட்ஸைத் தூக்கிக்கொண்டு சாம்பிள் ரூமுக்குப் போனேன். "லேஸ் பெட்டியில கெடந்துச்சி சாப். எப்படி வந்துச்சின்னே தெரியல" என்றேன். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அவரை ஒரு வாரமாகச் சந்தேகப்பட்டதை எல்லாம் அந்த ஒரு பார்வையில் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். பாய் பூட்ஸை வாங்கினார். வாங்கும்போது என் ஏப்ரனில் ஒட்டியிருந்த வெள்ளி மையை விரலால் ஒரு முறை சுரண்டினார். அவ்வளவுதான்.

பாய் பூட்ஸின் நாக்கை, லேஸுக்கு உள்பக்கம் இருக்கிற தோல் மடிப்பை, வெளியே இழுத்தார். அதன் உள்பக்கம் முழுக்க எழுத்து. நான் தூக்கிப் பார்க்காத இடம். மேனேஜர் படித்துச் சொன்னார். கடல் மேடைகளைப் பிரிக்கிறார்கள். இனிமேல் அங்கே ஆள் நடமாட்டம் குறைவு, பழைய பூட்ஸ் வேண்டாம். ஆனால் பிரித்து அறுக்கிறவர்களுக்கு பூட்ஸ் வேண்டும். பாதத்தின் மேல் கனத்த தோல் மூடி, சூடு தாங்குகிற அடி. தீப்பொறி உள்ளே விழுந்தால் ஒரே இழுப்பில் கழற்றி வீசுகிற மாதிரி இருக்க வேண்டும்.

"அதனால" என்று மேனேஜர் பெருக்கல் குறிகளின் மேல் விரலை வைத்தார், "லேஸ் வாணாம். ஐலெட் வாணாம். ஒரு பட்டி, ஒரு பக்கிள். லேஸ்ல பொறி ஒட்டிக்குதாம்."

மச்சினன் காலைத் தூக்கிக் காட்டியது ஞாபகம் வந்தது. அவன் என்னிடம்தான் முதலில் சொன்னான். பையருக்கு முன்னாலேயே சொன்னான். நான் அவனுக்கு லேஸ் கட்டத் தெரியாது என்றேன்.

ஃபேக்டரி போகாது. நான் பயந்தது தப்பு. வெள்ளிக் குறியைக் கழிசல் என்று நினைத்தது மட்டும் தப்பில்லை. கழிந்தது பூட்ஸ் இல்லை, எங்கள் செக்‌ஷன். சந்தேகப்படுகிறவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஒரு வாரம் முழுக்க எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுவிட்டு, சந்தேகப்பட வேண்டிய ஒரே விஷயத்தைக் கையில் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறேன்.

"சாப், அப்போ எங்க ஆளுங்க?"

"பக்கிள் வெக்கிறதுக்கு ஆள் வேணும் இல்ல?"

"எல்லாருமா சாப்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தோண்டினவங்க அளவுக்கு அறுக்கறவங்க இல்லயாம். ஆர்டர் சின்னது. பாக்கலாம்." பிறகு போகிறபோது, "உன்ன அன்னிக்கி சாப்ட்டியான்னு கேட்டனே, இதச் சொல்லலாம்னுதான். வாய் வரல" என்றார்.

பாக்கலாம் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை புது சாம்பிள் போனது. ஆர்டர் எங்களிடமே நின்றது. ஐலெட் மிஷின்களைத் துணி போட்டு மூடினோம். அக்காவை பக்கிள் மேசையில் உட்கார வைத்தார்கள். மற்றவர்களில் சிலர் தையலுக்குப் போனார்கள். என்னை சூப்பர்வைசர் என்றே இன்னும் கூப்பிடுகிறார்கள், ஆனால் சுற்றிப் பார்த்தால் ஆள் இல்லை. கலவை வேன் நின்றுவிட்டது. அதில் வந்த பெண்கள் கடைசி நாள் என்னிடம் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருத்தி, "கடல்ல கெணத்த மூடினா எங்க கலவையில எப்படி சார் அடுப்பு அணையுது?" என்று கேட்டாள். வேன் நெடுஞ்சாலையில் ஏறுகிற வரைக்கும் புதுப் பெயிண்ட் அடித்த கேட் பக்கத்திலேயே நின்றேன்.

அதிலிருந்து தினமும் காலையில் சாம்பிள் ரூமில் தலையை நீட்டி, புது பூட்ஸின் இடது கால் தனியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். பாய் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "இன்னும் பிரம்மச்சாரிதான், போ" என்பார். இப்போதெல்லாம் ஜும்மாவுக்குப் போகும்போது சாம்பிள் ரூமைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்.

போன ஞாயிறு மச்சினன் மறுபடி வீடியோ காலில் வந்தான். அதே கரி முகம். என் மனைவி அவனைச் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து போனை வாங்கினேன்.

"மச்சான், எவ்ளோ அறுத்திருக்கீங்க?"

"பாதி முடிஞ்சிது மாமா. வேகமா போவுது."

"எதுக்கு வேகம்? யார் தொரத்தறாங்க? கை கால் பத்திரம். மெதுவா அறு."

"மெதுவாவா?"

"பக்கத்துல இன்னும் மேடை நிக்குதா? அங்கிருந்து பாத்தா தெரியுமா?"

"ரெண்டு மூணு தெரியுது. எதுக்கு மாமா கேக்கறீங்க?"

"சும்மாதான்."

என் மனைவி போனைப் பிடுங்கினாள். "டேய், இவர் பேச்ச நம்பாத. நீ அறுத்து முடிச்சா உனுக்கும் வேல போவும், இவருக்கும் போவும். அப்புறம் ரெண்டு பேரும் இங்க வந்து உக்காந்துக்கினு என் உயிர அறுப்பீங்க. அதுக்குதான் கேக்கறாரு."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். சாம்பல் நிறக் கடல், தூரத்தில் கொசுவர்த்தி ஸ்டாண்டு மாதிரி ஒரு மேடை. இன்னொன்று தெரிகிறதா என்று போனைச் சாய்க்கச் சொன்னேன்.